இணையவழியே உடல்வழிச் சிகிச்சை

சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே நீண்டதொரு மணல்திட்டு உள்ளது. அதற்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இத்திட்டின் மீது அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. இங்கும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலையும் ஏரியையும் நம்பி வாழ்ந்து வருகின்றனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையை எட்டியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் பெருமழை இந்த வடகரையை மீண்டும் வாட்டியது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியது.

கடல் பொங்கினால் வடிந்துவிடும். உடைந்த படகுக்கு மாற்றுப் படகு வாங்கலாம். ஆனால் சிலருடைய உடம்பில் மட்டும் அந்த நாள் வடிவதே இல்லை. இரவில் காற்று சற்று உரத்து வீசினால் திடுக்கிட்டு எழுகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; வயிற்றைப் பிசைகிறது. இதய நோயோ என்று அஞ்சி மருத்துவமனைக்குச் சென்றால், இ.சி.ஜி. சரியாக இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றும் இல்லாமலா நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது?

இத்தகையோருக்குப் பேச்சோடு உடம்பின் உணர்வுகளையும் கருவியாகக் கொண்டு உதவும் முறைகள் உள்ளன. அவற்றை உடல்வழிச் சிகிச்சை என்று அழைக்கலாம். இன்று அவை கைப்பேசித் திரை வழியாகவும் கிடைக்கின்றன. பட்டணத்திற்குப் போய்த் திரும்பினால் ஒருநாள் பாடு போய்விடும் என்ற நிலையில் உள்ளவருக்கு இது பெரிய வசதியே. ஆனால் "தொடாமல் உடம்புக்கு எப்படிச் சிகிச்சை?" என்ற ஐயம் எழுவது இயல்பு. இதைத் தொடங்க நினைப்பவர் என்ன எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மெய்யில் தோன்றும் அச்சம்

உணர்ச்சி என்பது உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று என்பதைத் தமிழர் நெடுங்காலம் முன்பே கண்டிருந்தனர். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. மெய் என்பது உடல். உள்ளத்தின் நிலை உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. அன்றாடப் பேச்சிலும் இதையே காண்கிறோம். குலை நடுங்கியது, தொண்டை அடைத்தது, கைகால் வெலவெலத்தது, மயிர் கூச்செறிந்தது என்கிறோம். இவை வெறும் அணிகள் அல்ல, உடலியல் உண்மைகள்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். ஆபத்து நேரும்போது விலங்கின் உடல் போரிடவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்று 1915இல் விளக்கினார். நம் விருப்பத்திற்குக் காத்திராமல் இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் இரு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் உடலை முடுக்கிவிடுகின்றன. அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கலக்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது, கண்பாவை விரிகிறது, தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் பாய்கிறது, செரிமானம் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கப்படுகிறது. ஆபத்து நீங்கியதும் துணைப்பரிவு நரம்புகள் உடலை அமைதிக்குத் திருப்புகின்றன. இவற்றுள் முதன்மையானது மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு.

இந்த நரம்பைப் பற்றிய ஒரு செய்தி நமக்கு முக்கியமானது. அதன் இழைகளில் பெரும்பகுதி மூளையிலிருந்து உடலுக்குக் கட்டளை கொண்டு செல்பவை அல்ல. உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. அதாவது, இதயமும் நுரையீரலும் குடலும் எப்படியிருக்கின்றன என்று மூளை இடைவிடாது கேட்டறிந்துகொண்டே இருக்கிறது. உடல்வழிச் சிகிச்சை பயன்படுத்துவது இந்த வழியைத்தான்.

மணி ஏன் ஓயவில்லை?

இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் நீங்கிவிடும். அப்படியானால் படபடப்பு ஏன் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது?

கோயில் திருவிழாவில் மைக் செட் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டுசென்றால் 'கீய்ங்' என்று காதைத் துளைக்கும் ஓசை கிளம்புகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வந்த சிறு ஒலி மைக்கில் புகுகிறது. பெருக்கப்பட்டு மீண்டும் ஒலிபெருக்கி வழியே வருகிறது. மீண்டும் மைக்கில் புகுகிறது. இதை நேர்ப் பின்னூட்டம் என்பர். பேசுவோர் யாருமின்றியே ஓசை பெருகிக்கொண்டு போகிறது.

பெரும் அச்சத்திற்கு உள்ளானவரின் உடம்பிலும் இதுபோன்ற சுழற்சி ஏற்படலாம். காற்றின் ஓசையால் இதயம் சற்றே விரைகிறது. மூளை அத்துடிப்பையே ஆபத்தின் அறிகுறியாகக் கொள்கிறது. உடனே மேலும் முடுக்குகிறது. துடிப்பு மேலும் கூடுகிறது. மூச்சும் வேகமாகிறது. மூச்சு மிக விரைந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மதமதக்கின்றன. இவற்றையும் மூளை ஆபத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறது. கடல் அமைதியாக இருக்கும்போதே உடம்புக்குள் அலை எழுந்துவிடுகிறது.

மைக் செட்டின் கூச்சலை நிறுத்தக் கருவியை உடைக்க வேண்டியதில்லை. மைக்கைச் சற்று விலக்கினால் போதும். அல்லது பெருக்கத்தைக் குறைத்தால் போதும். உடல்வழி முறைகள் செய்ய முயல்வதும் இதுவே.

மூன்று வழிகள்

முதலாவது தசைத் தளர்ச்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ஒரு தசைத் தொகுதியை வேண்டுமென்றே சில நொடிகள் இறுக்கி, பிறகு தளர்த்தி, இரண்டு நிலைக்கும் உள்ள வேறுபாட்டை உணரச் செய்வது இம்முறை. தோள் இறுகியிருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர், முதன்முறையாக அது தளர்வதை உணர்கிறார். நம் நாட்டில் பம்பாய் மருத்துவர் டாத்தேயும் அவருடைய குழுவினரும் சவாசனத்தை இரத்த அழுத்த நோயாளிகளிடம் பயன்படுத்தி, அதன் விளைவை 1969இல் ஆய்விதழில் வெளியிட்டதையும் இங்கே குறிப்பிடலாம்.

இரண்டாவது மெதுவான மூச்சு. இயல்பாக நாம் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இதை ஏறத்தாழ 6 ஆகக் குறைத்தால், ஒரு மூச்சுக்கு 10 நொடி ஆகும். இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் இயல்பான அலைவு நேரமும் ஏறத்தாழ இதே 10 நொடிதான். ஊஞ்சலை அதன் சொந்தத் தாளத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே பெரிதாக ஆடுகிறது அல்லவா? இயற்பியலில் இதை ஒத்திசைவு என்கிறோம். மெதுவான மூச்சில் இதயத் துடிப்பின் ஏற்றமும் இறக்கமும் இவ்வாறே ஒத்திசைந்து பெரிதாகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, திணறாமல் மெதுவாக மூச்சை உள்ளிழுங்கள். அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் வெளிவிடும்போது தணிவதையும் பலர் விரல் நுனியிலேயே உணரலாம். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் கை ஓங்குவதே இதற்குக் காரணம். தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். ஆழமாக இழுப்பதைவிட மெதுவாக விடுவதே முக்கியம்.

மூன்றாவது, உடலுணர்வைக் கவனித்துப் பின்தொடரும் முறைகள். அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய முறை இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இதில் நடந்த துயரத்தை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. அதன் சிறு துணுக்கு ஒன்றை மட்டும் நினைவில் தொட்டு, உடம்பில் எங்கே என்ன நிகழ்கிறது என்று கவனிக்கிறார்கள். உடனே கவனத்தை உடம்பில் அமைதியாக உள்ள ஓர் இடத்திற்கு, பாதத்திற்கோ உள்ளங்கைக்கோ, மாற்றுகிறார்கள். இப்படி இரண்டுக்கும் இடையே போய்வருகிறார்கள். வேதியியல் கூடத்தில் தரம்பார்த்தல் சோதனை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பியூரெட்டிலிருந்து அமிலத்தை ஒரேயடியாக ஊற்றிவிட்டால் சோதனை கெட்டுவிடும். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். லெவின் தம் முறைக்கு இந்தச் சொல்லையே கடன் வாங்கியிருக்கிறார்.

நம் மீனவக் குப்பங்களில் ஓர் ஆய்வு

இந்த மூன்றாவது முறை நம் கரையிலேயே பயன்படுத்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், தமிழ்நாட்டின் 13 மீனவக் கிராமங்களைச் சேர்ந்த 150 பேருக்கு 75 நிமிடம் கொண்ட சிகிச்சை அளிக்கப்பட்டது. பார்க்கர், டாக்டர், செல்வம் ஆகிய மூவர் 2008இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். (இங்கே 'டாக்டர்' என்பது ஒருவரின் குடும்பப் பெயர்.) எட்டு மாதம் கழித்துக் கேட்டபோது, 90 விழுக்காட்டினர் தம் தொல்லைகள் பெரிதும் குறைந்தன அல்லது அறவே நீங்கின என்று கூறினர்.

இதைப் படித்ததும் மகிழ்ச்சி தோன்றும். ஆயினும் அறிவியல் வாசகர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: சிகிச்சை பெறாத இன்னொரு 150 பேர் எட்டு மாதத்தில் எப்படியிருந்தனர்? இந்த ஆய்வில் அப்படியொரு ஒப்பீட்டுக் குழு இல்லை. பேரிடருக்கு உள்ளானவர்களில் பலர் உற்றார் உறவினர் துணையோடும், தொழிலுக்குத் திரும்பியதாலும், காலப்போக்கில் தாமாகவே தேறிவிடுவது உண்டு. எனவே அந்த 90 விழுக்காட்டில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பின்னர் 2017இல் இஸ்ரேலில் இருந்து வெளிவந்த ஆய்வில் இக்குறை களையப்பட்டது. 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றவருக்குப் பின்னரும் சிகிச்சை அளித்தனர். உடனே பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தனர். நல்ல அறிகுறிதான், ஆனால் 63 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் முன்னிறுத்தியவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஒரு சிகிச்சையும் ஆகும். ஆகவே உடல்வழி முறையை நம்பிக்கையோடு அணுகலாம். "ஒரே தடவையில் எல்லாம் போய்விடும்" என்று எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டியதில்லை.

திரை காட்டுவதும் மறைப்பதும்

திரை வழியே நடக்கும் சிகிச்சையில் என்ன மாறுகிறது என்பதை இனிப் பார்ப்போம். மனநலச் சிகிச்சையைத் தொலைவிலிருந்து அளிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் 1984இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இலேயே புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, அதிலிருந்த திரை வழியே நோயாளிகளைச் சென்னை மருத்துவருடன் பேச வைத்தது. ஆனால் உடல்வழி முறையில் நோயாளியின் உடம்பைக் கூர்ந்து பார்ப்பதே பாதி வேலை. அங்கேதான் திரை குறுக்கே நிற்கிறது.

கைப்பேசியின் கேமரா நொடிக்கு 25 அல்லது 30 படங்களை எடுக்கிறது. அவற்றை அப்படியே அனுப்பினால் எந்த நெட்வொர்க்கும் தாங்காது. எனவே முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் பெரும்பாலும் கணக்கிட்டு, சுருக்கி அனுப்புகிறது. இந்தச் சுருக்கத்தில் இமையின் மெல்லிய நடுக்கமும், முகத்தில் குருதி ஏறி இறங்கும் நிறமாற்றமும், நெஞ்சின் சிறு அசைவும் கரைந்துபோகலாம். நேரில் அமர்ந்திருப்பவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வது திரையில் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது, காலத் தாமதம். நாம் பேசியது மறுமுனையை அடைய 150 மில்லி நொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறுகிறது. 400 மில்லி நொடியைத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவது போல ஆகிவிடும். அச்சத்தில் இருப்பவருக்கு மறுமுனையின் அமைதியே சில சமயம் அச்சமூட்டும். சிக்னல் தாமதத்தைச் சிகிச்சையாளரின் தயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தக் குறைகளால் ஒரு முக்கியமான விளைவு ஏற்படுகிறது. சிகிச்சையாளரின் கண்ணுக்கு எட்டாததை நீங்கள் வாயால் சொல்லியாக வேண்டும். இணையவழிச் சிகிச்சையில் அளவிடும் கருவி நீங்களே. "இடது தோள் கல்லாக இருக்கிறது", "பாதம் சில்லிட்டது", "இப்போது போதும்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவீடு. நலமாக இருப்பதாக மரியாதைக்குச் சொல்லும் பொய், கருவியின் முள்ளை விரலால் தள்ளிவைப்பதற்கு ஒப்பாகும்.

தொடங்கும் முன்

முதல் வேலை, மருத்துவரிடம் நேரில் காட்டி உடல் நோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்வது. படபடப்பு எல்லாம் அச்சத்தால் வருவதல்ல. தைராய்டு கோளாறு, இரத்தசோகை, இதய நோய் ஆகியவற்றாலும் வரும்.

இரண்டாவது, சிகிச்சையாளர் யார் என்று அறிவது. மனநல மருத்துவர் மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்ததற்கான சான்றிதழ் வேறு, சட்டப்படியான பதிவு வேறு. கட்டணம், அமர்வின் நேரம், எத்தனை வாரம் என்பவற்றையும் முன்பே பேசிவிட வேண்டும். 2020 மார்ச் 25இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறிந்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ஆலோசனையை நிறுத்திக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு.

மூன்றாவது, இடம். குப்பத்து வீடுகளில் தனியறை என்பது அரிது. ஒரு சுவருக்கு அப்பால் அண்டை வீடு. இயர்போன் அணிந்தால் மறுமுனையின் குரல் வெளியே கேட்காது. உங்கள் குரல் கேட்கும். எனவே வீட்டார் தொழிலுக்கோ சந்தைக்கோ சென்றிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். "இப்போது பேச இயலாது" என்பதற்கு ஒரு குறிச்சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் என்றால், அதில் வரும் செய்திகளைப் பிறரும் பார்ப்பார்கள் என்பதைச் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, ஒளியும் அமர்வும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் முகம் நிழலுருவமாகிவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் ஏதேனும் ஒன்றின்மீது சாய்த்து, தலை முதல் இடுப்பு வரை தெரியுமாறு வையுங்கள். பாதம் தரையில் படியட்டும். நாற்காலி இல்லையெனில் சுவரில் சாய்ந்து அமரலாம். நெட்வொர்க் தடுமாறினால் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்குத் தேவைப்படும் அளவில் ஒரு சிறு பங்கே குரலுக்குப் போதும்.

முதல் அமர்வில்

முதல் அமர்வில் பெரும்பகுதி கேள்விகளிலேயே கழியும். பெயர், வயது, நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், உறக்கம், குடிப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்பார். நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அவசரமானால் யாரை அழைக்கலாம், அருகே உள்ள மருத்துவமனை எது என்றும் கேட்பார். இதைத் துருவல் என்று நினைக்க வேண்டாம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் உங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டுமானால் இந்த விவரம் இன்றியமையாதது. கேட்கவில்லையென்றால்தான் ஐயப்பட வேண்டும்.

பின்னர், அறையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லலாம். கண்ணில் படும் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லலாம். பாதத்தின் கீழே தரை எப்படியிருக்கிறது என்று கேட்கலாம். விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் கவனம் நெஞ்சுத் துடிப்பிலிருந்து வெளியே நகரும்போது, மைக் ஒலிபெருக்கியை விட்டு விலகுகிறது. அச்சுறுத்தும் எதுவும் அருகில் இல்லை என்ற செய்தியைக் கண்ணும் காலும் மூளைக்குத் தருகின்றன.

"உடம்பில் எங்கே தெரிகிறது?" என்ற கேள்வி பலமுறை வரும். முதலில் "ஒன்றும் தெரியவில்லை" என்றே தோன்றலாம். அதுவும் சரியான விடைதான். சூடு, குளிர், கனம், இறுக்கம், துடிப்பு, மதமதப்பு என்று எளிய சொற்களில் சொல்லப் பழகினால் போதும். கண்ணை மூடச் சொல்லி, மூடினால் அச்சமாக இருந்தால், திறந்தே வைத்திருக்கலாம். கொட்டாவி, கண்ணீர், கை நடுக்கம், பெருமூச்சு, வயிற்றில் கடமுட ஓசை ஆகியவை வரக்கூடும். இவை பொதுவாக அஞ்சத்தக்கவை அல்ல. நடந்ததை முதல் நாளே முழுவதும் சொல்ல வேண்டும் என்று எவரும் வற்புறுத்தக் கூடாது.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். உடல்வழிச் சிகிச்சை என்பதால் ஆடையை அகற்றச் சொல்வதற்கோ, உடம்பின் பகுதிகளைக் கேமராவில் காட்டச் சொல்வதற்கோ, உங்கள் ஒப்புதல் இன்றிப் பதிவு செய்வதற்கோ இங்கே எந்தத் தேவையும் இல்லை. அப்படிக் கேட்டால் அழைப்பை உடனே துண்டித்துவிட்டு, நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்டுப் பெறலாம்.

அமர்வு முடிந்த பின்

நேரில் சென்று வந்தால், திரும்பும் வழியில் பேருந்துப் பயணத்திலேயே மனம் சற்று ஆறிவிடும். திரை அணைந்ததும் அடுத்த நொடியே வீட்டு வேலை எதிரே நிற்கும். ஆகவே அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள். தண்ணீர் குடியுங்கள், சிறிது நடந்துவிட்டு வாருங்கள். உடனே வண்டி ஓட்டவோ படகில் ஏறவோ வேண்டாம். அன்று களைப்பும் உறக்கமும் மிகுதியாக வரலாம். சிலருக்கு ஓரிரு நாள் கனவுகள் கூடலாம். இவற்றைக் குறித்துவைத்து அடுத்த அமர்வில் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு நிலைமை வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போனால், "பொறுத்துக்கொள்ளுங்கள், நல்லதற்குத்தான்" என்ற சொல்லை ஏற்க வேண்டாம். வேகத்தைக் குறைக்கவோ முறையை மாற்றவோ வேண்டும்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? படபடப்பே வராது என்று எதிர்பார்க்காதீர்கள். அது வந்தபின் தணிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதலில் ஒரு மணி நேரம் ஆனது, பிறகு இருபது நிமிடத்தில் தணிகிறது என்றால், உடம்பு திரும்பும் வழியைக் கற்றுக்கொண்டு வருகிறது என்று பொருள். சில வாரங்களில் இத்தகைய மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், வேறு சிகிச்சையைப் பற்றி மனநல மருத்துவரிடம் கேட்பதே அறிவுடைமை.

யார் நேரில் செல்ல வேண்டும்?

நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம் உள்ளவர்கள் முதலில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இல்லாத குரல்கள் காதில் விழுபவர்களுக்கும், நீண்ட நாள் குடியைத் திடீரென நிறுத்தி நடுக்கம் கண்டவர்களுக்கும் திரைவழிச் சிகிச்சை தொடக்கம் ஆகாது. வீட்டில் உள்ள ஒருவராலேயே அடி உதை படுபவர், அந்த வீட்டிலிருந்தே இதைச் செய்வது ஆபத்தாக முடியலாம். ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. கருவுற்ற பெண்கள் மூச்சை அடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108ஐ அழைக்க வேண்டும். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பவர்களும் 14416 என்ற எண்ணிலேயே வழி கேட்கலாம்.

குப்பத்தில் ஒருவர் வலையைக் கண்டதும் நடுங்கினால் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிடுகிறோம். அல்லது காற்று கருப்பு அடித்தது என்கிறோம். நூறு முறை கடலில் உயிரைப் பணயம் வைத்தவரைக் கோழை என்பது எவ்வளவு பொருந்தாத சொல்! அவருடைய உடம்பு ஆபத்தில் அவரைக் காப்பதற்காக எழுந்த அதே இயக்கம், நிற்க வேண்டிய இடம் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தக் கற்றுத்தரும் ஆசிரியர் பட்டணத்தில் இருக்கலாம். அவர் குரல் கைப்பேசியில் வரலாம். பாடம் நடக்கும் இடம் மட்டும் அவரவர் உடம்புதான். "இங்கே இறுக்கமாக இருக்கிறது" என்று அவர் கூச்சமின்றிச் சொல்லத் துணிவதும், அப்படிச் சொல்லும்போது வீட்டார் நகைக்காமல் இருப்பதும் இந்தச் சிகிச்சைக்கு முதல் தேவைகள்.